வெறும் மரத்துக்கு முதலில் அடிப்பூச்சு

இடம்பெயர்ந்த நாம், வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுபோகக் கூடியவற்றின் பெறுமதியை அறிவோம். கதவு அவற்றில் ஒன்று. அதை மழையில் உக்க விடலாமா?

செலவைக் குறைக்க எண்ணி, வெறும் மரத்தில் நேரே பெயின்ற் பூசிவிடுகிறோம். மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். மேலே மிஞ்சும் பூச்சுக்குப் பிடிமானம் இராது. மாரியில் மரம் ஊதி, கோடையில் சுருங்கும்போது அது உரிந்துவிடும். பிறைமர் எனப்படும் அடிப்பூச்சு மரத்தின் துளைகளை அடைத்து, மேற்பூச்சைப் பிடித்து வைக்கும்.

செய்யும் முறை:

1. மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரமரத்தின் நீர் பூச்சை வெளியே தள்ளிவிடும்.

2. மண்தாளால் நார் ஓடும் பக்கமாகத் தேய்த்து, தூசியைத் துடைக்கவும்.

3. மரத்துக்குரிய பிறைமரை எல்லாப் பக்கமும் பூசவும். அறுத்த முனைகள் கூடுதலாக உறிஞ்சுமாதலால் அவற்றுக்கு இருமுறை பூசவும். கதவு நிலையில் சுவரோடு சேரும் பக்கத்தை, நிலையைப் பொருத்துமுன்பே பூசவும். பின்னர் கை எட்டாது.

4. பிறைமர் காய்ந்தபின் ஆணித்துளைகளையும் வெடிப்புகளையும் புட்டியால் அடைக்கவும்.

5. ஒரு நாள் காயவிட்டு, இலேசாகத் தேய்த்து, மேற்பூச்சை மெல்லியதாக இருமுறை பூசவும்.

பணம் போதாவிடின் பிறைமரைக் கைவிட வேண்டாம். அதன்மேல் ஒரு மேற்பூச்சாவது பூசுவோம். இரண்டாவதை அறுவடைக்குப் பின் பூசலாம்.

உக்கல் பெரும்பாலும் கதவின் அடிவிளிம்பில்தான் தொடங்கும். நமது கதவின் அடிவிளிம்பு பூசப்பட்டுள்ளதா? இன்றே தடவிப் பார்ப்போம்.