தைப் பட்டத்துக்கு வீட்டுத் தோட்டம்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் வளர்ந்து நிற்கும் மார்கழிதான் வீட்டுத் தோட்டத்துக்குத் திட்டம் போடும் மாதம். கத்தரி, தக்காளி நாற்றை இப்போதே ஒரு சட்டியில் பாவி வையுங்கள். மற்றவற்றைத் தை பிறந்ததும் விதைக்கலாம்.

"தோட்டம் போட்டா நல்லதுதான். பங்குனி பொறந்தா தண்ணிக்கு எங்க போக?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆகையால் இடத்தை அளக்கும் முன் தண்ணீரை அளந்து விடுங்கள். அரிசி களைந்தது, காய்கறி கழுவியது, பாத்திரம் அலசியது எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து, எத்தனை குடம் என்று பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்குத் தினமும் சுமார் 5 லிட்டர் வேண்டும். நாலு குடம், அதாவது 50 லிட்டர் சேர்ந்தால் 10 அடிக்கு 10 அடி நிலம் பச்சையாக இருக்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்குத் திருப்புங்கள். எங்கும் தேங்க விடாதீர்கள், கொசு பெருகும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் கரை ஊர்களில் களிமண்ணாக இருந்தால் பாத்தியை மேடாக்குங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துச் செம்மண்ணில் பாத்தி பள்ளமாக இருக்கட்டும். மக்கிய சாணக் குப்பையும் கூடுதலாகப் போடுங்கள்.

புறவாசலில் முதல் இடம் கீரைக்குத்தான். காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று பலரும் இதை வேலைக் களைப்பு என்று விட்டு விடுகிறார்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் அந்த உடம்பு தாங்காது. பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம்.

கீரையை ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் முற்றிப் போகும். நாலு சின்னப் பாத்தி கட்டி, வாரத்துக்கு ஒன்றாகச் சிறுகீரை விதையுங்கள். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முதல் பாத்தி நாலாவது வாரம் பறிப்புக்கு வரும். பறித்த இடத்தில் அன்றே மறுபடி விதைக்கலாம். ஓரத்தில் அரைக்கீரை போட்டால் பல தடவை அறுக்கலாம். மேற்கு மூலையில் ஒரு முருங்கை. வேலி மேல் பாகலும் பூசணியும் ஏறட்டும். மீதி இடத்தில் வெண்டை, சீனியவரை; வெண்டை 45 நாளில் காய்க்கும். பூச்சி விழுந்தால் கடை மருந்து வேண்டாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டித் தெளித்தால் போதும்.

பறித்த கீரை யார் வயிற்றுக்குப் போகிறது? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு, மருமகளுக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம். மாமியார்மார்களே, கர்ப்பிணிப் பெண்ணின் பங்கை முதலிலேயே எடுத்து வைத்து விடுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். "கீரைதான் தின்கிறாளே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்தி விடாதீர்கள். நாலாவது மாதம் முதல் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள், கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்.

கீரை கொடுத்தால் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பதும் வீண் பயம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வேக வைத்து மசித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். முருங்கைக்கீரையும் மஞ்சள் பூசணியும் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' தருபவை.

விதைக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்த தடவைக்கு இரண்டு கீரைச் செடியையும் ஒரு வெண்டையையும் முற்ற விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைத்துக் கொள்ளுங்கள்.

சித்திரையில் கிணறு அடியைத் தொட்டுவிட்டால் முதலில் கத்தரியையும் தக்காளியையும் கைவிடுங்கள், பிறகு வெண்டையை. இரண்டு குடம் தண்ணீர்தான் உண்டு என்றாலும் இரண்டு கீரைப் பாத்தியையும் முருங்கையையும் விட்டு விடாதீர்கள்.