படத்தைப் படிப்போம்

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். படத்தையும் அதுபோலப் படிக்கலாம். அவசரம் வேண்டாம். நிதானமாகப் பார்க்க வேண்டும்.

400 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு படத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

1618ஆம் ஆண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் காலம். இனாயத்கான் என்பவர் அவரிடம் பணிபுரிந்தார். பேரரசருக்கு நெருக்கமானவர். செல்வாக்கு உடையவர். ஆனால் அபினுக்கும் மதுவுக்கும் அடிமை ஆகிவிட்டார். நோய் முற்றியது. எலும்பும் தோலும் ஆனார்.

ஆக்ராவுக்குப் போக அனுமதி கேட்டார். அவரைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். பார்த்த பேரரசர் திடுக்கிட்டார். அவரைப் படமாக வரையச் சொன்னார். வழிச்செலவுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார். மறுநாள் இனாயத்கான் இறந்துபோனார். இதை ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இனாயத்கானின் படங்கள் இரண்டு உள்ளன. ஒன்று கோட்டுப் படம். அது அமெரிக்காவில், பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று வண்ணப் படம். அது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நூலகத்தில் உள்ளது.

அந்தக் காலத்து ஓவியர்கள் வண்ணப் பொடியை நீரும் பிசினும் சேர்த்துக் குழைத்தார்கள். அணில் முடியால் செய்த மெல்லிய தூரிகையால் தீட்டினார்கள்.

இப்போது படத்தைப் படிப்போம்.

முதலில் உடலைப் பாருங்கள். சட்டை திறந்திருக்கிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அடுத்து, தலையணைகளைப் பாருங்கள். அவை பருமனாக இருக்கின்றன. அவற்றில் சாய்ந்திருப்பவரோ குச்சிபோல் மெலிந்திருக்கிறார். தலையணை பெரிதாகத் தெரிவதால் மனிதர் இன்னும் சிறுத்துத் தெரிகிறார்.

படத்தில் அழுகை இல்லை. கூட்டம் இல்லை. ஒரே ஒரு மனிதர். எங்கோ ஒரு பார்வை. அந்த அமைதிதான் நம் மனத்தைப் பிசைகிறது.

ஓவியர் எதையும் மறைக்கவில்லை, எதையும் மிகைப்படுத்தவில்லை. குடிக்காதே என்று புத்தி சொல்லவும் இல்லை. கண்ணால் கண்டதைக் காட்டினார்.

இன்னொரு செய்தி. வரையச் சொன்ன பேரரசருக்கும் மதுவும் அபினும் பழக்கம்தான். அந்த உடலைப் பார்த்தபோது அவர் என்ன நினைத்திருப்பார்?

சிந்தியுங்கள்

1. பணமும் பதவியும் இனாயத்கானை ஏன் காப்பாற்றவில்லை?
2. உங்கள் ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் குடும்பம் எப்படி இருக்கிறது?

செய்யுங்கள்

ஒரு பென்சிலை எடுங்கள். உங்கள் வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பிறகு வரையுங்கள். படம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. இதுவரை கவனிக்காத ஏதாவது ஒன்று அவர் முகத்தில் தெரியும். அதைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்.