வெளிநாட்டுப் பயணம்: காசா, அட்டையா?

மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் கடல் கடந்து செல்லும் பெண்கள் இன்று பலர். கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி, "பணத்தை எப்படிக் கொண்டு போவது?" என்பதே. அறிமுகமற்ற ஊரில் ஒரு வேளை உணவுக்கும் வழியின்றி நிற்க நேரக் கூடாதன்றோ!

இது பழைய கேள்விதான். 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தொலைந்தாலும் ஈடு கிடைக்கும் பயணிகள் காசோலையை வெளியிட்டது. 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. இன்று காசோலையின் இடத்தை அட்டைகள் பிடித்துக்கொண்டன.

முதலில் காசைப் பார்ப்போம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஜப்பானில் பல சிறு உணவகங்களில் இன்றும் நோட்டும் நாணயமுமே செல்லும். ஆனால் காசு தொலைந்தால் தொலைந்ததுதான். மேலும், பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரையே ரொக்கமாக வாங்கலாம் என்பது நம் ரிசர்வ் வங்கியின் விதி.

அட்டை தொலைந்தாலோ, உடனே வங்கிக்குத் தெரிவித்து முடக்கிவிடலாம். ஸ்டாக்ஹோம் நகரப் பேருந்தில் ஓட்டுநர் காசு வாங்குவதில்லை. அங்கே அட்டையே கைகொடுக்கும். ஆயினும் ஒன்றை மறவாதீர். 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகள் முதலில் உள்நாட்டில் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுமுன் நாமே இயக்கி வைக்க வேண்டும்.

அட்டையில் ஒரு கண்ணியும் உண்டு. பாரிஸ் கடை ஒன்றில் 50 யூரோவுக்குப் பொருள் வாங்குகிறோம். கடை இயந்திரம், "யூரோவிலா, ரூபாயிலா?" என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியதாயிற்றே என்று அதைத் தொட்டுவிடுவோம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொள்வோம். யூரோவில் செலுத்தினால், நம் வங்கி 3 விழுக்காடு கட்டணம் பிடித்தாலும் 5,150 ரூபாய். ரூபாயில் செலுத்தினால், மாற்று விகிதத்தை இயந்திரத்தின் பின்னுள்ள நிறுவனம் வகுக்கும். அது யூரோவுக்கு 107 ரூபாய் என்று வைத்தால் 5,350 ரூபாய். ஒரே தொடுதலில் 200 ரூபாய் நஷ்டம்! ஆகவே எந்நாட்டில் இருக்கிறோமோ அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முடிவாக, காசும் அட்டையும் ஒன்றுக்கொன்று பகையல்ல, துணையே. பெரிய செலவுக்கு அட்டை. இரண்டு மூன்று நாள் சில்லறைச் செலவுக்குக் காசு. வேறொரு பையில் இரண்டாவது அட்டை. இம்மூன்றும் இருப்பின், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காக்கும். பெற்றோரும் பிள்ளைகளும் புறப்படுமுன் ஒருமுறை சேர்ந்தமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.