துறைமுகமா, துரைமுகமா?

தேங்காய்த்திட்டில் வளர்ந்தவனுக்குத் துறைமுகம் என்பது நாள்தோறும் வாயில் புழங்கும் சொல். ஆயினும் அதையே நான் பிழையாக எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தைக்காக எழுதிய மனுவில் ‘மீன்பிடித் துரைமுகம்’ என்று எழுதிவிட்டேன். படித்தவர், “எந்தத் துரையின் முகம், தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார். என் எழுத்தை நம்பிக் கைநாட்டு வைத்த தந்தையும் காரணம் புரியாமல் உடன் சிரித்தார். அன்று பட்ட நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

துறை என்பது படகு அணையும் இடம்; துரை என்பது தலைவன். பிரெஞ்சுத் துரைகளின் ஆட்சி புதுவையில் 1954-இல் முடிந்தது. துறை இன்றும் நமக்குச் சோறு போடுகிறது.

ஒலியால் மயங்கும் சொற்கள் பிற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘செய்ல்’ என்ற ஒலி விற்பனையையும் குறிக்கும், கப்பற்பாயையும் குறிக்கும். பிரெஞ்சில் ‘மேர்’ என்றால் கடல், தாய், நகரத் தலைவர் என மூன்று பொருள். அங்கெல்லாம் ஒலி ஒன்று, எழுத்தே வேறு. தமிழிலோ ஒலியும் வேறுதான். நாநுனி மேலண்ணத்தை வருடினால் ரகரமும், ஒற்றினால் றகரமும் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காட்டும் வேறுபாடு. நம் பேச்சில் அது மங்கிவிட்டதால் எழுதும்போது தடுமாறுகிறோம்.

சில இணைகளைக் காண்போம்:

கரை – கடலோரம். கறை – அழுக்கு. (கரையேற்றிய படகில் எண்ணெய்க் கறை.)
பரவை – கடல். பறவை – புள். (பரவைமேல் பறவை பறந்தது.)
இரை – உணவு; இறை – கடவுள். (இறைவனை வேண்டித் தூண்டிலில் இரை கோத்தான்.)
ஏரி – நீர்நிலை. ஏறி – மேலே சென்று. (கரைமேல் ஏறி ஏரியைப் பார்த்தான்.)

இனி, நினைவில் கொள்ள இரண்டு குறிப்புகள்:

1. இரட்டிப்பது றகரம் மட்டுமே; ரகரம் இரட்டிக்காது. ஆறு ‘ஆற்றில்’ என்றும், சோறு ‘சோற்றில்’ என்றும் ஆவதால் அங்கு வருவது றகரம்.
2. தமிழ்ச் சொல்லினுள் ‘ன்’ என்னும் மெய்யை அடுத்து றகரமே வரும்: கன்று, தென்றல்.

இவ்விரண்டும் உதவாத துறை, கரை போன்ற சொற்களைத் தனியே மனப்பாடம் செய்தால் நிற்காது. வாக்கியத்தில் வைத்து எழுதிப் பழக வேண்டும்.

நண்பர்களே, தேர்வுத்தாளில் பிழை விட்டால் அரை மதிப்பெண்தான் போகும். கைநாட்டு வைப்பவருக்கோ நம் எழுத்தே அவருடைய சொல். அச்சொல்லைப் பிறர் நகைக்க விடலாமா?