தூண்களும் வாயில்களும்

குடியாட்சி நாட்டின் பேரவை என்றால் உயர்ந்த வெண்தூண்களும் முக்கோண முகப்பும் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மில் பலர்க்கு உண்டு. குடியாட்சி கிரேக்கத்தில் பிறந்தது. தூணும் கிரேக்கர் கலை. ஆகவே தூணே குடியாட்சியின் சின்னம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். வரலாறு இதற்கு இசையவில்லை. ஏதென்சு நகர மக்கள் கூடி வாக்களித்த இடம் பினிக்சு என்னும் குன்றின் சரிவு. அங்கே கூரை இல்லை. பேசுவோன் ஏறி நிற்க ஒரு கல்மேடை இருந்தது, அவ்வளவே. நாம் படங்களில் கண்டு வியக்கும் பார்த்தினான் தூண்களோ அதீனா தேவியின் கோயிலைத் தாங்கியவை.

தூணைப் பேரவைக்குக் கொண்டு வந்தவர்களுள் முன்னவர் அமெரிக்கத் தலைவர் செபர்சன். 1785இல் வர்சீனியா மாநிலப் பேரவைக்கு அவர் மாதிரியாகக் கொண்டது பிரான்சு நாட்டு நீம் நகரிலுள்ள உரோமானியக் கோயில். அக்கோயில் பேரரசன் அகசுதசின் வாரிசுகளுக்காக எழுப்பப்பட்டது! முடியாட்சியின் கோயில் குடியாட்சியின் மன்றமாயிற்று. ஆயின் அம்மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்நாளில் அடிமைகளுக்கும் இல்லை, பெண்களுக்கும் இல்லை. எனவே ஒரு கட்டடத்தில் குடியாட்சி எவ்வளவு உண்டு என்று அறிய விரும்புவோர் தூணை எண்ணாமல் வாயிலைப் பார்க்க வேண்டும். யார் உள்ளே வரலாம், யார் உள்ளே பேசலாம் என்பதே கேள்வி.

நம் உத்தரமேரூரையும் இக்கேள்விக்கு உட்படுத்தத்தான் வேண்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வகுத்த குடவோலை விதிகள் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. சட்டத்தை ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டாமல் கற்சுவரில் பொறித்தார்களே, அதனை நான் பெரிதும் போற்றுவேன். ஆனால் அதே கல்வெட்டுத்தான் கால் வேலிக்கு மேற்பட்ட வரி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. பெருமை பேசும் மேடைகளில் இப்பாதி மட்டும் விட்டுப்போவது வழக்கமாகிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீவராகத்தில் தங்கிப் படிக்கும் நண்பர்கள் பாளையம் வரை ஒருமுறை நடந்தே வரட்டும். இவ்வரலாறு முழுவதும் அவ்வழியிலேயே கிடக்கிறது.

முதலில் பத்மநாபசுவாமி கோயில். ஏழு நிலைக் கோபுரம் தமிழகச் சாயல். உள்ளே மலைநாட்டு மரபு. கருவறை முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபம் வெறும் கல்மேடை அன்று. 1750இல் மார்த்தாண்டவர்மர் நாட்டையே இறைவனுக்கு ஒப்படைத்துத் தாம் அவன் அடியாராக ஆண்டார். ஆட்சியுரிமையின் இருப்பிடம் கோயிலானால், கோயிலுக்குள் புக இயலாதவன் ஆட்சிக்கும் புறத்தே நிற்பவன் அன்றோ? மலைநாட்டுக் கோயிலில் மதில், நாலம்பலம், நமஸ்கார மண்டபம், ஸ்ரீகோயில் என்று உட்செல்லச் செல்ல வாயில் குறுகும். சாதியும் அவ்வாறே மனிதரை வடிகட்டியது. பலர் மதிலை அணுகவே முடியவில்லை. 1924இல் வைக்கத்தில் எழுந்த போராட்டம் கோயிலுக்குள் நுழையவும் அன்று, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க! அதில் ஈ.வெ.ரா. சிறை புகுந்ததை நம் மாணவர் அறிவர். 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். அதற்காகக் கோபுரத்தின் ஒரு கல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கட்டடம் பழையது; வாயில் புதியது.

அடுத்து, 1869இல் திறக்கப்பெற்ற அரசுச் செயலகம், அந்நாளைய ஹஜூர் கச்சேரி. பொறியாளர் வில்லியம் பார்ட்டன் உரோமானியப் பாணியில் தூண்களை நிறுத்தினார். அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்து மாதவராவ். அவர் சிலைதான் எதிரே நிற்கிறது. தூண்கள் இருந்தும் ஆட்சி மன்னருடையதே. 1939இல் அவ்வளாகத்தில் சட்டமன்றக் கூடம் எழுந்தது. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்த தேர்தலோ 1948இல்தான் வந்தது. 1957 ஏப்ரலில் கேரளத்தின் முதற் சட்டமன்றம் அங்கேதான் கூடியது. குடியானவர்க்கு நில உரிமை தரும் மசோதா அக்கூடத்தில் வாதிக்கப்பட்டது.

இன்னும் வடக்கே, 1896இல் எழுந்த விக்டோரியா ஜூபிலி மண்டபம். 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை இங்கே கூடியது. நிலவரியும் வருமானமும் பார்த்தே அதற்கு ஆள் தேர்ந்தனர். உத்தரமேரூரின் கால் வேலி ஆயிரம் ஆண்டு கழிந்தும் அகலவில்லை. அந்த அவைக்குள் 1912இல் அய்யன்காளி நியமன உறுப்பினராக நுழைந்து தம் மக்களுக்கு நிலம் கேட்டார். பொதுவழியில் நடக்கும் உரிமைக்காக 1893இல் வில்லுவண்டி ஓட்டியவர் அவர். 2019இல் அம்மண்டபத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அதற்கப்பால் தெரிவது இப்போதைய சட்டமன்றம். கேரள மரபுச் சாயல் இருப்பினும், தொலைவிலிருந்து பார்த்தால் அரண்மனையென்றே எனக்குத் தோன்றும். பழைய கூடத்தின் நெருக்கம் இதில் இல்லை. 1998 மே மாதத்தில் இதனைத் திறந்து வைத்தவர் உழவூரில், தீண்டாமைக்கு உட்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன். அப்போது அவர் இந்தியக் குடியரசுத் தலைவர்.