புதிய வன்தட்டும் பழைய கணினியும்

ஒரு செய்தி நேரில் அறிந்ததா, காதில் விழுந்ததா என்பதைத் தமிழில் சொல்லின் ஈறே காட்டிக்கொடுத்துவிடும். ‘கடையை மூடிவிட்டார்கள்’ என்பவர் உறுதியாகச் சொல்கிறார். ‘கடையை மூடிவிட்டார்களாம்’ என்பவர் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அந்த ‘ஆம்’ இருக்கும் வரை செய்தி இன்னும் சோதிக்கப்படவில்லை என்று பொருள்.

2010ஆம் ஆண்டு வாக்கில் கணினி உலகில் இப்படி ஓர் ‘ஆம்’ உலவியது. இனி வரப்போகும் வன்தட்டுகள் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினிகளுக்கு ஒத்துவராதாம் என்பதே அந்தப் பேச்சு. எக்ஸ்பி 2001இல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகள் கடந்தும் உலகில் மிகுதியான கணினிகளில் அதுவே இருந்தது. ஆகவே பலருக்குக் கவலை வந்ததில் வியப்பில்லை.

இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருந்தது. வன்தட்டு தரவுகளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தே எழுதும். பல்லாண்டுகளாக ஒரு துண்டின் அளவு 512 பைட். ஒவ்வொரு துண்டுக்கும் இடையே ஓர் இடைவெளியும், பிழை திருத்துவதற்கான குறிப்பும் வேண்டும். துண்டுகள் பெருகினால் இவற்றுக்காக வீணாகும் இடமும் பெருகும். எனவே எட்டுச் சிறு துண்டுகளைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒரு பெருந்துண்டாக்கத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்தனர். 2011 ஜனவரி முதல் மேசைக்கணினி, மடிக்கணினிகளுக்கான புதிய வன்தட்டு வகைகளில் இம்முறையே வரும் என்றும் ஒப்புக்கொண்டனர்.

அப்படியானால் எக்ஸ்பி என்ன ஆகும்? புதிய வன்தட்டு உள்ளே பெருந்துண்டாக எழுதினாலும், வெளியே கணினியிடம் தன்னை 512 பைட் தட்டாகவே காட்டிக்கொண்டது. ஆகவே எக்ஸ்பியிலும் அது வேலை செய்தது. ஆனால் எழுதும்போது வேகம் குறைந்தது. காரணம் 63 என்ற எண். எக்ஸ்பி தன் முதல் பகுதியை 63ஆம் எண் துண்டிலிருந்து தொடங்கும். 63ஐ எட்டால் வகுத்தால் மீதம் ஏழு வரும். அங்கேதான் சிக்கல்.

தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு லயத்தில் எட்டு வீடுகள் என வைத்துக்கொள்வோம். எட்டுக் குடும்பங்களையும் ஒரே லயத்தில் அமர்த்தினால், பெரட்டுக்கு ஆள் எழுப்பப் போகும் கங்காணிக்கு ஒரே நடை. ஒரு குடும்பத்தை இந்த லயத்தின் கடைசி வீட்டிலும் மற்ற ஏழையும் அடுத்த லயத்திலும் அமர்த்தினால் இரண்டு நடை. வன்தட்டுக்கும் அதே தொல்லைதான். எட்டுத் துண்டுத் தரவு இரண்டு பெருந்துண்டுகளில் கால் வைத்து நின்றது. இரண்டையும் படித்து, திருத்தி, மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இதற்கான தீர்வும் உடனே வந்தது. பகுதியைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் மென்பொருளைத் தயாரிப்பாளர்களே கொடுத்தனர். விண்டோஸ் 7 தன் பகுதியை 2048இல் தொடங்கியதால் அதற்கு இந்தத் தொல்லையே இல்லை. 2048ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்.

ஆனால் அதே காலத்தில் உலவிய மற்றொரு பேச்சு உண்மையாகவே இருந்தது. 3 தெராபைட் வன்தட்டு வாங்கினாலும் வழக்கமான எக்ஸ்பி அதை முழுதாகப் பயன்படுத்தாதாம் என்றார்கள். பழைய பகுப்பு முறை துண்டுகளை எண்ணுவதற்கு 32 இரும இலக்கங்களே ஒதுக்கியிருந்தது. அதாவது 4,294,967,296 துண்டுகள். இதை 512ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 தெராபைட். அதற்கு மேல் எண்ண இலக்கம் இல்லை. இரண்டு பேச்சுகளும் ஒரே கடைவீதியில் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். பிரித்துக் காட்டியது கணக்கு மட்டுமே.

கணக்கில் அடங்காத ‘ஆம்’களும் உண்டு. 2011 அக்டோபரில், பேராக்கின் வடக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. வன்தட்டுத் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. விலை ஏறப்போகிறதாம் என்றார்கள். ஏறத்தான் செய்தது. பல நாடுகளில் இரு மடங்கானது.

இதெல்லாம் ஈப்போ வட்டாரத்து மாணவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. லயங்கள் இல்லை, பால் கொட்டகைகள் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவும், தாத்தா பாட்டி லயத்து வாசலில் நின்ற காட்சியும் சில வீடுகளில் ஒரு பழைய கணினிக்குள் மட்டும்தான் இருக்கும். ‘இதற்கு இனி உதிரிப்பாகமே வராதாம்’ என்ற ஒரு சொல்லை நம்பி, ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் லாரியில் அதை ஏற்றிவிட்டால், பெட்டியோடு அந்தப் படங்களும் போய்விடும்.

உதிரிப்பாகம் அரிதாகிவிட்டது என்பது மெய்தான். 40 ஊசிகளும் அகன்ற நாடாக் கம்பியும் கொண்ட பழைய வகை வன்தட்டைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டுவிட்டனர். அதன் இடத்துக்கு மெல்லிய கம்பி கொண்ட வகை வந்துவிட்டது. அந்தப் பழைய வகை மீண்டும் புதிதாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கும் மாற்றி கிடைக்கிறது. பழைய தட்டை மட்டும் கழற்றி, யுஎஸ்பி மாற்றியின் வழியே இன்றைய கணினியில் பொருத்தினால் படங்களை நகலெடுக்கலாம். மின்சாரம் கொடுத்ததும் ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஓசை ஏதுமின்றி மெல்லச் சுழன்றால், முதலில் படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்து நகலெடுங்கள். பாட்டும் விளையாட்டும் பிறகு வரட்டும்.