செயலியின் விரைவும் மாந்தர் அளவும்

எழுத்தொலியை அளக்கப் புகுந்த நம் இலக்கண நூலார், அதற்கென அரியதொரு கருவியைத் தேடிச் சென்றிலர். கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதுமே ஒரு மாத்திரை எனக் கொண்டார் தொல்காப்பியர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரோ, அவ்விமைப்பும் நொடிப்பும் மக்களிடத்து இயல்பாய் எழுவனவாதல் வேண்டும் எனத் தெளிவுபடுத்தினார். வேண்டுமென்றே விரைந்து இமைப்பவனும் தாழ்த்து நொடிப்பவனும் அளவைக்கு உதவார் என்பது இதனாற் பெறப்படும். இக்கோட்பாடு, கைப்பேசிச் செயலிகளின் விரைவை அளக்கும் இக்காலத் தொழிலுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

செயலியொன்றன் திறனை மூன்று கூறாக்கிக் காணலாம். ஒன்று, அது திறந்துகொள்ளும் காலம். மற்றொன்று, விரலால் தொட்டபின் அது விடைதரும் காலம். பிறிதொன்று, திரை தடையின்றி ஓடும் ஒழுங்கு. விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கும் திரையில், ஒரு படத்தை வரைதற்குச் செயலி பெறும் அவகாசம் ஏறத்தாழ 16 மில்லிவிநாடியே. ஒரு படம் 700 மில்லிவிநாடிக்கு மேலும் தாழ்க்குமாயின், திரை உறைந்துவிட்டதென்றே கூகுள் நிறுவனத்தார் கணக்கிடுவர். மாந்தர் உணர்வுபற்றி ஜேக்கப் நீல்சன் என்பார் 1993 இல் எடுத்துரைத்த எல்லைகளும் அறியத்தக்கன. விநாடியின் பத்திலொரு பங்கில் வரும் விடை உடனே வந்ததாகத் தோன்றும். ஒரு விநாடி வரை எண்ணத்தின் ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைக் கடப்பின் கருத்து வேறிடஞ் செல்லும்.

இவற்றை எங்கே அளப்பது என்பதே இனி எழும் வினா. நம் திண்டுக்கற் பூட்டு, 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பூட்டுச் செய்யும் தொழிலாளர் பட்டறையிலேயே சாவியிட்டுத் திறந்து பார்த்தல் இன்றியமையாததே. எனினும், மழையும் தூசியும் படிந்த கதவிலே பல்லாண்டு பலர் கைபட்டுத் திறக்கும்பொழுதன்றோ அதன் உண்மைத் தன்மை விளங்கும்? செயலியும் அத்தகையதே. அதனை ஆக்குவோர் மேசைமீதுள்ள புதிய கைப்பேசியில் அது மின்னலென ஓடும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நிற்கும் வணிகர் ஒருவரின் பழைய கைப்பேசியிலோ நினைவகம் நிரம்பியிருக்கும். வேறு பல செயலிகள் உடன் திறந்திருக்கும். சித்திரை வெயிலிற் சூடேறிய கருவி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் அலைத்தொடர்பு விட்டுவிட்டு வரும். இவையனைத்தையும் ஆய்வறையுள் ஒருங்கே அமைத்துக் காட்டல் அரிது.

ஆதலின், மக்கள் பயன்படுத்தும்பொழுதே செயலியின் திறனைப் பதிவு செய்யும் முறை தோன்றிற்று. வினை தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் செயலியே குறித்துக்கொள்ளும். குறிப்புகளைத் தொகுத்து வைத்துப் பின்னர் அனுப்பும். 2016 இல் வந்த ஆண்ட்ராய்டு 7, ஒவ்வொரு படமும் வரையப்படும் காலத்தைச் செயலி அறிந்துகொள்ளும் வசதியைத் தந்தது. 2017 இல் கூகுளும் 2019 இல் ஆப்பிளும் இத்தகைய பதிவுகளைத் தொகுத்துச் செயலி ஆக்குவோர்க்கு அளிக்கும் ஏற்பாடுகளைச் செய்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனமும் ‘ஆப்டிக்ஸ்’ என்னும் கருவியை இதன்பொருட்டு வழங்குகின்றது.

பதிந்தவற்றைக் கணக்கிடும்பொழுது சராசரியை மட்டும் நோக்குதல் தீது. நூறு பேர் ஒரு செயலியைத் திறப்பதாகக் கொள்வோம். 90 பேருக்கு ஒரு விநாடியும், எஞ்சிய 10 பேருக்கு 11 விநாடியும் ஆயின், சராசரி 2 விநாடி. அந்நூற்றுவருள் 2 விநாடி காத்திருந்தவர் ஒருவரேனும் இலர்! பத்துப் பேரின் இடர் அவ்வெண்ணுள் மறைந்தொழிந்தது. அன்றியும், அப்பதின்மரும் சலித்து விலகிவிடின் சராசரி ஒரு விநாடியாகிச் செயலி திருந்தியது போலத் தோற்றும். ஆதலின், வினையை முடிக்காது விட்டகன்றோரையும் எண்ணுதல் வேண்டும். கருவிவகைதோறும் பிரித்துக் காணுதலும் வேண்டும். கூகுள் நிறுவனம், மொத்தப் பயனருக்கு ஓர் எல்லையும் ஒவ்வொரு கைப்பேசி வகைக்குத் தனியே ஓர் எல்லையும் வகுத்திருப்பது இக்கருத்துக்கு அரண் செய்யும்.

முன்னரே கருதவியலாத பெருக்கமும் உண்டு. ஸோஹோவின் ‘அரட்டை’ செயலியில் நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள், 2025 செப்டம்பரில் மூன்றே நாளில் 3,50,000 ஆக உயர்ந்தன என்றும், கட்டமைப்பை விரைந்து பெருக்குவதாகவும் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். இத்தகைய வேளையில் எவ்விடத்தே தடை நேர்கின்றது என்பதை மக்கள் கையிலிருந்து வரும் பதிவே உடனுக்குடன் உணர்த்தவல்லது.

எனினும், பதிவுக்கும் வரம்பு உண்டு. அளக்கும் வேலையே கருவிக்குச் சுமையாகி அதன் விரைவைக் கெடுத்தலாகாது. ஆகவே, சிலரிடத்தும் சில வேளையிலும் மட்டும் மாதிரியெடுத்துப் பதிதலே சால்பு. அளவை என்னும் பெயரால் ஒருவர்தம் மறைபொருளை நோக்குதலும் முறையன்று. எத்தனை விநாடி ஆயிற்று என்பதைப் பதிக; என்ன எழுதினார் என்பதைப் பதியற்க. தனிமனிதர் தரவுகளைக் காத்தற்கெனவே இந்திய அரசு 2023 இல் சட்டம் இயற்றியுள்ளது.

இன்று கல்லூரி விண்ணப்பமும் உதவித்தொகையும் பணம் செலுத்துதலும் கைப்பேசி வழியே நடைபெறுகின்றன. இறுதிநாளன்று திரை உறைந்துபோயின், வறிய மாணவர் ஒருவரின் ஓராண்டே வீணாகலாம். விலையுயர்ந்த கருவியில் விரைந்தோடுவது மட்டும் செயலிக்குச் சிறப்பாகாது. எளியவர் கையிலும் தாழாது விடைதருவதே சிறப்பு. அதனை அறிதற்கு அவர்தம் கையிலேயே அளத்தல் வேண்டும். நம்முள் நாளை செயலி ஆக்கப் புகுவோர், இயல்பான மாந்தரையே அளவுகோலாகக் கொள்வாராக.